எலிப்பாஸ் எந்தச் சபை?

ஜெயம் யோபுவின் முப்பத்தேழாம் அதிகாரத்தை வாசித்து முடித்தபோது மாலை மணி ஆறே முக்கால்.

புத்தகத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்கு அவரே பேசுவாரு" என்றாள்.

"யாரு?" என்றார் தேவதாஸ்.

"ஆண்டவருதான். இத்தன நாளா இவனுங்க நாலு பேரும் மாத்தி மாத்திப் பேசினானுங்க. அவரு வாயே தொறக்கல. நாளைக்குத் தொறப்பாரு."

"என்னா சொல்வாரு?"

"நாளைக்குக் கேளு. இன்னிக்கே சொல்லிட்டா நாளைக்கு நான் எதுக்கு?"

மறுநாள் விடியலில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை இல்லை. 2007, ஜூன் மாதம்.

தேவதாஸ் முப்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். எழுத்துத் தெரியாது. தறிகளுக்கு எண் போட்டிருந்ததால் எண் மட்டும் தெரியும். மில் அவரை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் ஜெயம் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசிக்க ஆரம்பித்தாள். நாளுக்கு ஓர் அதிகாரம். கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. பக்கம் பக்கமாக வெறும் பெயர்கள் வந்தாலும் தாண்டமாட்டாள். "எழுதி வச்சிருக்காருன்னா யாராவது ஒரு தடவ கூப்பிடட்டும்னுதான்" என்பாள். ஒன்றேகால் வருஷத்தில் யோபுவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

இப்போது கருவடிக்குப்பத்து வீட்டில் அவர் ஒருவர். மாலை ஆறே முக்காலுக்குப் புத்தகத்தைத் திறப்பார். 38 என்ற எண் தெரியும். அதற்குக் கீழே இருந்தது தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மூடுவார். ஆண்டவர் அந்தப் பக்கத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. நான்காவது ஞாயிறு புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனார்.

சபையின் பெயர் அக்கினி ஜுவாலை சர்வதேச ஆலயம். பிள்ளைச்சாவடி போகும் சாலையில் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். ரீயூனியன் தீவில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமைதோறும் போனில் ஸ்தோத்திரம் சொல்லும். அதனால் சர்வதேசம். ஜெயம் சின்ன வயதிலிருந்து போய்வந்தது வேறு இடம். கருவடிக்குப்பத்தில் ஓலை வேய்ந்த ஜெபவீடு. அங்கே ஆளுக்கு ஓர் அதிகாரமாகச் சுற்றி வாசிப்பார்கள். அதை நடத்தியவர் இறந்ததும் அக்கினி ஜுவாலை ஜெபவீட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட அன்று பெஞ்சுகள் வண்டியில் வந்தன. மின்விசிறி வந்தது. வாசிப்பு வரவில்லை. கேட்டபோது, திரையில் வசனம் போடுகிறோம், அதுவே பெரிய எழுத்து என்றார்கள்.

ஆலயத்தில் ஐந்து துறைகள் இருந்தன. எண்ணெய்த் துறை, கைக்குட்டைத் துறை, வாக்குத்தத்தத் துறை, ஆறுதல் துறை, ஒலிஒளித் துறை. எல்லாவற்றுக்கும் பொதுவாக வாசலில் ஒரு விசாரணை ஜன்னல். முன்பு மொய் எழுதிய இடம். அங்கே சகோதரி தீபலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"பிரைஸ் த லார்ட் பிரதர். என்ன தேவை?"

"ஒரு அதிகாரம் படிச்சுக் காட்டணும்மா."

"எந்தத் துறைக்கு?"

"துறைக்கு இல்லம்மா. எனக்கு."

தீபலட்சுமி படிவத்தைப் பார்த்தாள். நோய், வேலை, விசா, குழந்தைப்பேறு, சூனியம், மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. வேதத்துக்குக் கட்டம் இல்லை. அவள் மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் தேடினாள்.

"மற்றவையில போடட்டுமா?"

"போடும்மா."

"மற்றவைன்னா எண்ணெய்தான் குடுப்போம் பிரதர்."

"எண்ணெய் வேணாம்மா. முப்பத்தெட்டாவது அதிகாரம். பெருசா இருக்காது. ரெண்டு பக்கம்தான், நான் பாத்தேன்."

"பிரதர், பின்னாடி வரிசை நிக்குது."

ஒரு சின்ன பாட்டில் எண்ணெயோடு தேவதாஸ் வீட்டுக்கு வந்தார். அலமாரியில் ஏற்கனவே ஒரு பாட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் வைக்காமல் ஜன்னலில் வைத்தார்.

புதன்கிழமை ஆறுதல் துறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். துறை மேடைக்குப் பின்னால் இருந்தது. முன்பு மணப்பெண் அறை. சுவரில் பெரிய கண்ணாடி, சுற்றிலும் பல்பு. அதற்கு எதிரே தேவதாஸை உட்காரவைத்தார்கள். அவர் எதிரே அவரே உட்கார்ந்திருந்தார். துறையின் தலைவியாக வந்தவளும் தீபலட்சுமிதான். ஞாயிறு ஜன்னல், புதன் ஆறுதல். சென்னையில் மூன்று நாள் பயிற்சி முடித்திருந்தாள். பயிற்சியில் கொடுத்த படம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஏணி மாதிரி ஐந்து படிகள்.

"துக்கத்துல அஞ்சு படி இருக்கு பிரதர். நீங்க இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க?"

தேவதாஸ் படத்தைப் பார்த்தார். "கீழதாம்மா" என்றார்.

"கீழன்னா, முதல் படியா?"

"படிக்கும் கீழ. தரை."

படிவத்தில் தரைக்கும் கட்டம் இல்லை. தீபலட்சுமி ஒன்று என்று போட்டுக்கொண்டாள். பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதினோராவது கேள்வி: இறுதி நேரத்தில் உடனிருந்தவர் யார்?

"யாரும் இல்லம்மா."

"நீங்க?"

"நான் இங்கதான் இருந்தேன்."

"இங்கன்னா?"

"எண்ணெய் வரிசையில. டோக்கன் இருநூத்திப் பன்னண்டு."

அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் சொல்ல வேண்டியதாயிற்று. "ரெண்டாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சுதான் இருந்தா. வேத புஸ்தகத்த எடுத்து என் கையில குடுத்து, யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லு, பாதியில நிக்குதுன்னா. சரின்னுதான் சொன்னேன். அப்பறம் நம்ம சபை ஆளு ஒருத்தர் வார்டுக்கு வந்தாரு. நாளைக்குக் காலையில விசேஷ எண்ணெய், சாவக் கெடக்குறவங்களே எழுந்து நடக்குறாங்க, முந்துறவங்களுக்குத்தான்னாரு. எண்ணெய மொதல்ல வாங்கிடலாம், அதிகாரம் எங்க போவுதுன்னு நெனச்சேன். மூணு பாட்டு முடிஞ்சுதான் எண்ணெய் குடுத்தாங்க. நான் போறப்ப கட்டில்ல வேற துணி விரிச்சிட்டாங்க."

தீபலட்சுமி எழுதினாள்.

"என்னாம்மா எழுதினீங்க?"

அவள் நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். "'துணைவர் அவ்வேளையில் ஆலயத்தில் ஜெபத்தில் தரித்திருந்தார்.' நல்ல சாட்சி பிரதர். கன்வென்ஷன்ல நீங்க சொல்லணும்."

தேவதாஸ் கண்ணாடியைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அவருக்காக வாசிக்கப்பட்ட முதல் வரி அது.

"அந்த அதிகாரம்மா" என்றார்.

"இது ஆறுதல் துறை பிரதர். இங்க வேதம் படிக்க மாட்டோம். பயிற்சியிலயே சொல்லிட்டாங்க. துக்கத்துல இருக்கறவங்களுக்கு வசனம் பாரமா போயிடுமாம்."

கிளம்பும்போது ஒரு கைக்குட்டை கொடுத்தாள். சபையின் தலைவர் பாஸ்டர் செம்மல் ஜெபித்த கைக்குட்டை. மூக்கைத் துடைக்கக் கூடாது என்று அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு வாக்குத்தத்தத் துறை வசன அட்டை கொடுத்தது. எப்போதும் புத்தாண்டுக்குத்தான் கொடுப்பார்கள். இந்த வருஷம் கொடுத்த அட்டை பலருக்கும் பலிக்காததால் ஜூலையில் புதிதாக ஒன்று அடித்திருந்தார்கள். அதே வசனம் மேடைக்கு மேலே முப்பதடி நீளத் துணியில் தொங்கியது. கூட்டமாக எல்லோரும் அதை ஏழுமுறை சொன்னார்கள். நீ ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அது அப்படியே உனக்கு நடக்கும் என்பது அதன் சாரம்.

தேவதாஸ் ஏழுமுறையும் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை அவர் கேட்டிருந்தார். ஜெயம் அதைப் படித்த குரல்கூட நினைவிருந்தது. அந்த வரியைச் சொல்லும் ஆள் பேசும்போதெல்லாம் அவள் கொஞ்சம் மூக்கால் பேசுவாள்.

கூட்டம் முடிந்ததும் ஜன்னலுக்குப் போனார்.

"அம்மா, இது ஆண்டவர் சொன்னது இல்லம்மா. எலிப்பாஸ் சொன்னது."

"யாரு?"

"எலிப்பாஸ். யோபுவுக்குப் பத்துப் புள்ளையும் ஒரே நாள்ல போச்சில்ல, அப்ப துக்கம் கேக்க வந்தவரு. வந்து ஏழு நாள் பேசாம உக்காந்துகினு இருந்தாரு. அப்பறம், நீ எதனா தப்பு பண்ணியிருப்ப, அதான் இப்படி ஆச்சின்னாரு. அந்தப் பேச்சுல வர்றதும்மா இது."

தீபலட்சுமி உள்ளே திரும்பி, "செக்ரட்டரி சார்" என்று கூப்பிட்டாள்.

நிர்வாகச் செயலர் செல்வகுமார் வந்தார். சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலயத்துக்குப் படிவங்களைக் கொண்டுவந்தது இவர்தான். எது முடிந்தாலும் "போன்" என்பார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். கெட்டதுக்கும் அதையே சொல்வார்.

"போன். யாரு இந்த எலிப்பாஸ்?"

தேவதாஸ் மறுபடி சொன்னார். செல்வகுமார் முழுதும் காதில் வாங்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எலிப்பாஸ் எந்தச் சபை?"

"சபை தெரியாதுங்க. ஊரு தேமான்."

"தேமான்?" செல்வகுமார் யோசித்தார். "திண்டிவனம் பக்கமா?"

"ரொம்ப தூரங்க."

"உங்க வீட்டுக்கு வந்திருக்காரா?"

"ஜெயம் இருக்கிறப்ப தெனமும் சாயங்காலத்துல..." என்றார் தேவதாஸ்.

செல்வகுமார் எழுதினார். ஒரு முழுப் பக்கம் எழுதினார். "போன்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு பாஸ்டர் செம்மல் மேடையில் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்று பித்தான் கோட்டு, சிவப்பு டை. கண்ணைத் திறந்தபோது குரல் கரகரத்தது.

"நம்ம மந்தைக்குள்ள ஒரு ஓநாய் நுழைஞ்சிருக்கு. பேரு எலிப்பாஸ். தேமான்லேர்ந்து வர்றான். துக்க வீடாப் பாத்துப் போறான். ஏழு நாள் உக்காந்துக்குறான். சாப்பாடு யாரு போடறா? நீங்கதான் போடறீங்க! நம்ம வசனத்த எடுத்து, அது தன் வசனம்னு சொல்லிகினு திரியறான். வசனத் திருடன்! நேத்துவரைக்கும் இந்தப் பேர நீங்க கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. இருபத்திரண்டு வருஷமா ஊழியம் பண்றேன், நான் கேட்டதே இல்ல!"

கூட்டம் ஆமென் என்றது.

"துக்கத்துல இருக்கறவன்கிட்டப் போயி, நீ தப்பு பண்ணின, அதான் உனக்கு அடின்னு சொல்றானாம். மனுஷன் பேசற பேச்சா இது? அவன் கூட்டத்துக்குப் போனவங்க கைய தூக்குங்க. வெக்கப்படாதீங்க."

கொஞ்ச நேரம் யாரும் தூக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. மொத்தம் ஏழு பேர் முன்னால் வந்து நின்றார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்தார். ஏழு பேரில் சின்னப்பொண்ணு என்பவளுக்கு மைக் கிடைத்தது.

"எலிப்பாஸ் கூட்டத்துல எண்ணெய் குடுத்தாங்க" என்று அழுதாள். "தேய்ச்சதுலேர்ந்து ஒரே அரிப்பு. நம்ம எண்ணெய் தேய்ச்சப்பறம்தான் நின்னுச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். தேவதாஸ் கடைசி பெஞ்சில் இருந்தார். அது ஜெபவீட்டிலிருந்து வந்த பெஞ்சு. அதில் அவரைத் தவிர யாரும் உட்காரவில்லை. எலிப்பாஸுக்கு இவ்வளவு ஆள் சேர்ந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் மட்டுமே அவரைச் சந்திக்கவில்லை என்று தோன்றியது.

பாஸ்டர் இன்னும் அரைமணி பேசினார். முடிக்கும் முன் விரலை உயர்த்தினார்.

"வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துக்கு வராத வீடு இருக்கு. பேரு சொல்ல மாட்டேன். மூணு வெள்ளி வரல. என்ன ஆச்சு? அந்த வீட்டுல சாவு. நான் சொல்லல, நீங்களே பாத்தீங்க. தப்பு பண்ணா அடி விழும்!"

ஆமென் என்றது கூட்டம். பல தலைகள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. எலிப்பாஸ்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதாகத் தேவதாஸுக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக் குழு கூடியது. முன்பு பந்தி போட்ட கூடத்தில் நீள மேசை. நடுவில் பாஸ்டர், இந்தப் பக்கம் செல்வகுமார், அந்தப் பக்கம் தீபலட்சுமி. எதிரே நாற்காலி இல்லை. தேவதாஸ் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எலிப்பாஸ் இப்ப எங்க இருக்கான்?" என்றார் பாஸ்டர்.

"வேதத்துலங்க."

"கிண்டலா?"

"இல்லீங்க. யோபு புஸ்தகத்துல இருக்காரு. தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்."

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பார்க்கலாம் என்று பாஸ்டர் தலையசைத்தார். தீபலட்சுமி வேதம் தேட எழுந்தாள்.

ஆலயத்தில் இரண்டு வேதங்கள் இருந்தன. ஒன்று மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள். அட்டையில் தங்க முலாம். எருசலேமிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பெட்டியின் சாவி ரீயூனியன் குடும்பத்திடம் இருந்தது. மற்றது ஒலிஒளித் துறையில். மேசையின் ஒரு கால் குட்டை என்பதால் அதன் அடியில் கொடுத்திருந்தார்கள். எடுத்தால் ஆம்ப்ளிஃபயர் சரியும், வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று ஒலிக்காரர் சொல்லியனுப்பினார். தீபலட்சுமி வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட இருக்குதுங்க" என்றார் தேவதாஸ். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் ஜெயத்தின் விரல் பட்டுக் கறுத்திருந்தது.

செல்வகுமார் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "இதுல நம்ம முத்திரை இல்ல. வீட்டுப் பிரதி. விசாரணையில செல்லாது."

பாஸ்டர் செம்மல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலை இறக்கினார். மேடையில் இல்லாத குரல். அவருக்கே அந்தக் குரல் பழக்கமில்லை போலிருந்தது.

"பெரியவரே, உங்களுக்கு எதுக்கு இந்த வேல? வேதம் ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அத முழுசாப் படிச்சா என்ன வரும்? குழப்பம் வரும். யாரு சொன்னது, எதுக்குச் சொன்னது, யார்கிட்ட சொன்னதுன்னு கேள்வி வரும். அதனாலதான் அதுல நல்லதா முப்பது நாப்பது வரிய எடுத்து, தொடச்சி, அட்டையில போட்டுத் தர்றோம். மீன் வாங்குறோம், செதில் முள்ளெல்லாமா திங்கறோம்? நானே ஒரு தடவதான் படிச்சேன். பைபிள் காலேஜ்ல. அதுவும் பரீட்சைக்கு வர்ற பகுதி. இன்னிக்கு வரைக்கும் ஒரு கொறையும் இல்ல."

"சரிங்க" என்றார் தேவதாஸ். "எனக்கு முழுசும் வேணாம். ஒரு அதிகாரம்."

"யோபு கதைதானே? முடிவு நான் சொல்றேன். இழந்தவனுக்கு எல்லாம் ரெண்டு மடங்கா கெடச்சுது. ஆடு, ஒட்டகம், எல்லாம். அவ்ளோதான். உங்களுக்கும் இழந்தது ரெண்டு மடங்கா வரும். விசுவாசிங்க."

தேவதாஸ் இரண்டு ஜெயங்களை நினைத்துப் பார்த்தார். ஒருத்தி வாசிக்கிறாள். இன்னொருத்தி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யார் எதற்கு என்று புரியவில்லை. ஒருத்தியே போதும் என்று இருந்தது.

"முடிவு இருக்கட்டுங்க. நடுவுல ஆண்டவர் வந்து பேசுறாராமே. என்னா சொன்னாரு?"

"நடுவுல இருக்கறது முக்கியம் இல்ல."

செல்வகுமார் ஒரு தாளையும் மை டப்பாவையும் நகர்த்தினார். "போன். ஒரு வழி இருக்கு. இதுல கைநாட்டு வைங்க. வெச்சிட்டா உங்க கோரிக்கைய வாசிப்பு உபகுழுவுக்கு அனுப்பறேன். உபகுழு இன்னும் இல்ல, அமைச்சிடலாம். ஒருத்தர் வீட்டுக்கே வந்து அந்த அதிகாரத்தப் படிச்சிட்டுப் போவாரு."

தேவதாஸின் கை பெருவிரலைத் தானாகவே நீட்டியது. பாதியில் நின்றது.

"என்னா எழுதியிருக்கு?"

செல்வகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நல்ல உச்சரிப்பு. இரண்டு பக்கம். எங்கும் தடுமாறவில்லை. எலிப்பாஸ் என்பவரைத் தான் ஒருபோதும் நம்பியதில்லை என்றும், அவர் சொன்னவை யாவும் பொய் என்றும், அவற்றைத் தன் வீட்டில் சொல்லிவந்த காலஞ்சென்ற மனைவி ஜெயம் வழிதவறியவர் என்றும், இனி அப்படிப்பட்ட வாசிப்புகளுக்குத் தன் வீட்டில் இடமில்லை என்றும் இருந்தது. தேவதாஸ் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துச் செல்வகுமார் இரண்டாம் முறையும் வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு தடவ படிச்சீங்க" என்றார் தேவதாஸ். "முப்பத்தெட்டாவது அதிகாரம் இவ்வளவுதாங்க இருக்கும். இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"கைநாட்டு" என்றார் செல்வகுமார்.

"அவ வழிதவறலீங்க. ஒரு பக்கம்கூடத் தவறல."

மை டப்பாவின் மூடியைத் தேவதாஸே எடுத்து மூடினார். புத்தகத்தைப் பையில் போட்டார். மூன்று பேரையும் கும்பிட்டார். பின்னால் செல்வகுமார் "போன்" என்று சொல்வது கேட்டது. தேவதாஸ் கேட்டைத் தாண்டும்போது காவலாளியிடம் தகவல் ஏற்கனவே வந்திருந்தது. இனி வர வேண்டாம் என்று காவலாளி சொன்னான். சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பஸ் வர நேரமிருந்தது. ஆலயத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் தனக்கொடியின் இஸ்திரி வண்டி நிற்கும். நாற்பது வயதுக்காரி. பாஸ்டரின் கோட்டுகளும் பாடகர் குழுவின் உடுப்புகளும் அவளிடம்தான் தேய்க்க வரும். தேவதாஸ் மர நிழலில் போய் நின்றார்.

"என்னாண்ணே, முகம் இப்படி இருக்கு? உள்ள பஞ்சாயத்தா?"

"ஒரு அதிகாரம் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"அதுக்கா ஒன்றர மணி நேரம்?" பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கரி சரியாகப் பிடிக்கவில்லை. விசிறிக்கொண்டே அவர் பையைப் பார்த்தாள். "அந்தப் புஸ்தகமா? எங்க, குடு. பெட்டி சூடேறட்டும்."

தேவதாஸ் தயங்கினார். "நீ கோயிலுக்குப் போறவ. படிக்கலாமான்னு தெரியல."

"நான் படிச்சா எழுத்து தேஞ்சிடுமா? ஒம்போதாவது வரைக்கும் போயிருக்கேண்ணே. துணி கட்டுற பேப்பரெல்லாம் யாரு படிக்கிறான்னு நெனச்ச? பழைய பேப்பரா இருந்தாலும் விடமாட்டேன்."

அவர் புத்தகத்தை எடுத்தார். தானே பிரித்தார். 38ஐ விரலால் காட்டினார். தனக்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பாஸ்டரின் கோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டியின் மேல் புத்தகத்தை விரித்தாள். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. கடல் பக்கமிருந்து காற்று அடித்துப் பக்கத்தைத் தூக்கியது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

எழுத்துக் கூட்டி ஆரம்பித்தாள். முதல் வரிக்கு நேரம் பிடித்தது. பழைய தமிழ். ஒரு சொல்லைத் திரும்பப் படித்தாள். பெருங்காற்று ஒன்று வருகிறது, அதற்குள்ளிருந்து அவர் பேசுகிறார் என்று புரிந்ததும் நிமிர்ந்தாள்.

"வந்துட்டாருண்ணே. பேசுறாரு."

தேவதாஸ் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என்னா சொல்றாரு?"

தனக்கொடி குனிந்தாள். உதடு அசைந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி, நான்காவது வரி. நெற்றியைச் சுருக்கினாள்.

"சொல்லலண்ணே. கேக்குறாரு."

"என்னா கேக்குறாரு?"

"இடுப்பக் கட்டிகினு நேரா நில்லு, நான் கேக்குறேன், நீ பதில் சொல்லுங்கறாரு." விரலை வரிமேல் நகர்த்தி, அதை மெதுவாகத் தனக்குள் படித்து முடித்துவிட்டு, அவரைப் பார்த்தாள். "நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீ எங்க இருந்தங்கறாரு."

ஒரு பஸ் வந்து, எதிரே எண்ணெய் வரிசை நிற்கும் வாசலை மறைத்து நின்றது. யாரும் ஏறவில்லை. போனது.

"சொல்லுண்ணே, உன்னத்தான் கேக்குறாரு. நீ எங்க இருந்த?"